அறியாமல் நேர்ந்த பிழையும் நீதிமன்றமும்: தென்கெடாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

மனிதன் பிழை செய்பவன். கணக்கெழுதுபவன் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறான். கடன் தீர்ந்ததை அறியாமல் ஒருவன் மீண்டும் பணம் கட்டிவிடுகிறான். வழக்கறிஞர் நாளைத் தவறாக எண்ணிவிடுகிறார். நீதிபதியே ஒரு சட்டப்பிரிவைத் தவறாகப் பொருள் கொண்டுவிடுகிறார். இவற்றில் எதிலும் வஞ்சக எண்ணம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு பிழையின் விளைவையும் யாரேனும் ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். அந்தச் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பதே இத்தகைய வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் நிற்கும் கேள்வியாகும்.

இக்கேள்விக்கு மலேசிய நீதிமன்றங்களும் அவற்றுக்குச் சட்டமூலங்களை வழங்கிய இந்திய, ஆங்கில நீதிமன்றங்களும் எவ்வாறு விடை கண்டன என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கெடா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பண்டார் பாரு வட்டாரம் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரே வகைப் பிழை, ஓர் ஆற்றின் எந்தக் கரையில் நேர்ந்தது என்பதைப் பொறுத்து வெவ்வேறு சட்டத்துக்கு உட்பட்ட நிலையை இவ்வட்டாரத்தில் காணமுடிகிறது.

ஆற்றங்கரையில் மூன்று சட்டங்கள்

கிரியான் ஆற்றின் கரையில் அமைந்த பண்டார் பாருவில் கெடா, பேராக், பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கி வருகின்றன. ஆற்றுக்கு அப்பால் பேராக்கின் பாரிட் புந்தார்; அண்மையில் பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபால்; இப்பால் கெடாவின் செர்டாங், லுபோக் புந்தார் முதலிய ஊர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ப் பயிர் பெருகியபோது இவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகள் குடியேறினர். அவர்களுக்குச் சந்தையும் கோயிலும் உறவும் எல்லை பார்த்து அமையவில்லை. சட்டமோ எல்லை பார்த்தே நின்றது.

பினாங்கு நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்தமையால், 1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின்வழி ஆங்கிலச் சட்டம் அங்கே வேரூன்றியது. பேராக் 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிற்று; 1899-இல் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவிய ஒப்பந்தச் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. கெடாவின் நிலை வேறு. 1909ஆம் ஆண்டு ஆங்கில – சயாம் உடன்படிக்கை வரை அது சயாமின் மேலாண்மையில் இருந்தது. அதன் பின்னரும் கூட்டு மலாய் மாநிலங்களில் சேராமல் 1923-இல் பிரிட்டிஷாருடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டது. தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொண்டது. ஒப்பந்தச் சட்டம் 1950-இல்தான் மலாய் மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவாக்கப்பட்டுக் கெடாவை எட்டியது. பினாங்கு அச்சட்டத்தின் கீழ் வந்ததோ 1970-களில்தான்.

ஆக, போருக்கு முன்னர் பாரிட் புந்தாரில் ஒருவர் தவறுதலாகக் கட்டிய பணத்துக்கு ஒரு சட்டம். நிபோங் திபாலில் கட்டிய பணத்துக்கு வேறொரு சட்டம். பண்டார் பாருவில் கட்டிய பணத்துக்கு மற்றொரு நிலை என்று அமைந்திருந்தது. இவ்வேறுபாடு வெறும் ஏட்டளவிலான வேறுபாடன்று என்பதைப் பின்வரும் பகுதி விளக்கும்.

தவறுதலாகக் கொடுத்த பணம்

ஆங்கிலச் சட்டம் பிழையை இருவகையாகப் பிரித்தது. நிகழ்வைப் பற்றிய பிழை ஒன்று. சட்டத்தைப் பற்றிய பிழை மற்றொன்று. 1802ஆம் ஆண்டின் பில்பி எதிர் லம்லி வழக்கில், உண்மைகளை அறிந்திருந்தும் சட்டம் தனக்குத் தந்த உரிமையை அறியாமல் காப்பீட்டுத் தொகையைக் கொடுத்துவிட்டவர் அதைத் திரும்பப் பெறமுடியாது என்று முடிவாயிற்று. சட்டத்தை அறியாமை மன்னிப்பாகாது என்ற பழைய கோட்பாடே இதன் அடித்தளம். இம்முடிவு இங்கிலாந்தில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. 1998-இல் கிளைன்வோர்ட் பென்சன் வழக்கில்தான் பிரபுக்கள் சபை அதைக் கைவிட்டது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் வேறு வழியில் சென்றது. 1872-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று சுருக்கமாகக் கூறுகிறது. இன்றைய மலேசிய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இதுவேயாகும். சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: இருவர் கூட்டாகப் பட்ட கடனை ஒருவர் கட்டித் தீர்த்துவிடுகிறார், அதை அறியாத மற்றவர் அதே தொகையை மீண்டும் கட்டுகிறார், கடன் கொடுத்தவர் இரண்டாவது தொகையைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடன் வாங்கும் வழக்கம் உள்ள எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய எடுத்துக்காட்டு இது.

இப்பிரிவில் சொல்லப்படும் பிழை சட்டப் பிழையையும் உள்ளடக்குமா என்பது நெடுநாள் ஐயமாகவே இருந்தது. ஏனெனில் அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, சட்டத்தைப் பற்றிய பிழையால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. 1949-இல் சிவ பிரசாத் சிங் எதிர் சிரிஷ் சந்திர நந்தி என்ற வழக்கில் பிரிவி கவுன்சில் இவ்வையத்தைத் தீர்த்தது. நிலக்கரிச் சுரங்கக் குத்தகை ஆவணத்தைத் தவறாகப் பொருள்கொண்டு, கொடுக்கவேண்டியதற்கு மேலாக உரிமைத்தொகை செலுத்திய வழக்கு அது. பிழை என்ற சொல்லுக்குச் சட்டம் எந்த வரையறையும் இடவில்லை; எனவே இருவகைப் பிழைகளும் அதில் அடங்கும் என்று மன்றம் முடிவு செய்தது. ஒப்பந்தம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, கடன்படாத பணத்தைக் கொடுத்துவிட்டோமா என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு உரிய விதியை மற்றொன்றின்மேல் ஏற்றலாகாது என்பதே அதன் காரண விளக்கமாகும்.

அதே சொற்களைக் கொண்ட மலாய் மாநிலச் சட்டத்துக்கும் இவ்விளக்கம் வழிகாட்டியாயிற்று. 1950-இல் ஒப்பந்தச் சட்டம் கெடாவுக்கு வந்தபோது இவ்விளக்கத்தோடுதான் வந்தது. அப்போதும் பினாங்கில் பழைய ஆங்கில விதியே நின்றது. சட்டம் தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்ட ஒருவருக்கு, ஆங்கிலச் சட்டத்தைவிட இந்தியாவிலிருந்து வந்த சட்டமே பரிவு காட்டியது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

கிராணியின் கணக்குப் பிழை

பொதுச் சட்டத்தின் பரிவு எல்லா நேரத்திலும் எளியவர்க்கு உதவும் என்று கொள்வதற்கில்லை. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதியைத் தோட்டத்தின் செக்ரோல் புத்தகத்துக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் மறுபக்கம் தெரியும்.

பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பளம் பேர் போட்ட நாட்களையும், கொண்டுவந்த பாலின் எடையையும், உலர்ந்த ரப்பரின் விழுக்காட்டையும், ரப்பர் விலையோடு ஏறி இறங்கும் படியையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. இத்தனை எண்களைக் கையால் எழுதிக் கூட்டிய கிராணி ஓரிடத்தில் தவறினால் சம்பளம் கூடவோ குறையவோ செய்யும். குறைந்தால் தொழிலாளி கேட்பார். கூடினால் பெரும்பாலும் அவருக்கே தெரியாது. பல மாதங்கள் கழித்துக் கணக்குத் தணிக்கையில் அது வெளிப்படும். அப்போது அந்தப் பணம் அரிசியாகவும் பள்ளிச் செலவாகவும் கரைந்து போயிருக்கும்.

இந்நிலையில் பொதுச் சட்டத்தைவிடத் தொழிலாளர்க்கு ஆதரவான ஒரு வரம்பை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விதிக்கிறது. முதலாளியின் தவறால் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் பிடித்தம் செய்யும் மாதத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் நேர்ந்த கூடுதலை மட்டுமே பிடிக்கலாம். ஒரு மாதத்தில் செய்யும் பிடித்தங்கள் அனைத்தும் சேர்ந்து பொதுவாக அம்மாதச் சம்பளத்தின் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

இவ்விதியின் உட்பொருள் ஆழமானது. பிழை யாருடையது என்று பார்க்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வசதி யாரிடம் இருந்தது என்று பார்க்கிறது. கண்டுபிடிக்கத் தவறிய காலத்தின் சுமையைச் சம்பளப் பிடித்தத்தின் வழியே எளியவர்மேல் இறக்காமல் தடுக்கிறது. கணக்குப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது, லயத்தில் இல்லை. ஆங்கில நீதிமன்றங்கள் 1991-இல் லிப்கின் கோர்மன் வழக்கில், நல்லெண்ணத்தோடு பணத்தைப் பெற்றுத் தன் நிலையை மாற்றிக்கொண்டவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டன. அந்த நீதியுணர்வின் ஒரு கூறு மூன்று மாதக் கணக்கு என்னும் எளிய வடிவில் நம் வேலைச் சட்டத்தில் அமைந்துள்ளது எனலாம்.

கைநாட்டும் கையொப்பமும்

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஓர் ஆவணத்தில் கைநாட்டு வைத்தபின், தாம் நினைத்தது இதுவன்று என்று சொன்னால் சட்டம் கேட்குமா? ஆங்கிலச் சட்டத்தில் இதற்கான விடை 1582ஆம் ஆண்டின் தரோகுட் வழக்குவரை பின்னோக்கிச் செல்கிறது. எழுத்தறியாத ஒருவருக்கு ஆவணம் தவறாகப் படித்துக் காட்டப்பட்டிருந்தால் அது அவருடைய ஆவணமே ஆகாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதப்பட்ட தாள்களில் கைநாட்டு வைத்த ஒரு சமூகத்துக்கு இக்கோட்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் கோட்பாடு நாளடைவில் குறுகியது. இங்கிலாந்தில் 78 வயதுக் கைம்பெண் ஒருவர், மூக்குக் கண்ணாடி உடைந்திருந்த நிலையில், தம் வீட்டைத் தம் உறவினர் மகனுக்குக் கொடையாக எழுதுவதாக நம்பி, வேறொருவருக்கு விற்கும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். அவ்வீடு பின்னர் ஒரு கடன் நிறுவனத்துக்கு அடமானமாயிற்று. 1970-இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. படிக்காமல் கையொப்பமிடும் ஒருவர் தம் கவனக்குறைவின் விளைவை, ஆவணத்தை நம்பிப் பணம் கொடுத்த குற்றமற்ற மூன்றாமவர்மேல் தள்ளமுடியாது என்பதே அதற்குக் காரணம். ஆவணத்தின் அடிப்படைத் தன்மையே மாறுபட்டிருக்கவேண்டும். கையொப்பமிட்டவர் தம்மால் இயன்ற கவனம் செலுத்தியிருக்கவேண்டும் என இரு நிபந்தனைகள் இதனால் உறுதிப்பட்டன.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டவேண்டும். பிழைக்குக் காட்டும் பரிவு ஏமாற்றுக்குக் கிடைப்பதில்லை. மலாயாவிலிருந்து பிரிவி கவுன்சில்வரை சென்று 1962-இல் முடிந்த செட்டியார் எதிர் செட்டியார் வழக்கு இதற்குச் சான்று. 99 ஏக்கர் ரப்பர் நிலம் வைத்திருந்த தந்தை, மேலும் 40 ஏக்கர் வாங்கும்போது, 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களுக்கான அரசாங்கக் கட்டுப்பாட்டைத் தவிர்க்க அதை மகன் பெயரில் மாற்றினார். பின்னர் நிலம் தமக்கே உரியது என்று கோரியபோது, அதிகாரிகளை ஏமாற்றச் செய்த ஏற்பாட்டை நிலைநாட்ட நீதிமன்றம் துணை நிற்காது என்று மன்றம் மறுத்துவிட்டது. தந்தை செய்தது பிழையன்று. தெரிந்து செய்த செயல். நீதிமன்றம் முதலில் தேடுவது இந்த எல்லைக்கோட்டைத்தான்.

நான்கு நாள் தாமதம்: இரு வழக்குகள்

அறியாமல் நேரும் பிழைகளுள் நீதிமன்றங்கள் மிகுதியாகச் சந்திப்பது காலத் தவறு. இதில் சென்னையும் மலாயாவும் காட்டிய வேறுபாடு ஆய்வுக்குரியது.

கிருஷ்ணா எதிர் சாத்தப்பன் என்ற வழக்கின் தீர்ப்பு 1890ஆம் ஆண்டுச் சென்னை உயர் நீதிமன்றத் தொகுதியில் இடம்பெற்றது. மேல்முறையீடு காலங்கடந்து வந்தாலும், போதிய காரணம் இருந்தால் அதை ஏற்கலாம் என்று காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறியது. போதிய காரணம் என்பதற்கு விரிந்த பொருள் கொள்ளவேண்டும். மேல்முறையீட்டாளரிடம் அலட்சியமோ செயலின்மையோ நல்லெண்ணக் குறைவோ இல்லையெனில், உண்மையான நீதி கிடைக்கும் வகையில் அதைப் பயன்படுத்தவேண்டும் என்று சென்னை நீதிமன்றம் விளக்கியது. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் உச்ச நீதிமன்றம் இவ்விளக்கத்தை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டுள்ளது.

மலாயாவின் வழி வேறாயிற்று. இரத்தினம் எதிர் குமாரசாமி வழக்கில் மேல்முறையீட்டு ஆவணத் தொகுப்பு நான்கு நாள் தாமதமாயிற்று. சமரசம் ஏற்படும் என்று நம்பி, கெடு முடிவதற்கு முந்திய நாள்வரை தம் வழக்கறிஞருக்கு அறிவுறுத்தல் தரவில்லை என்பதே மேல்முறையீட்டாளர் தந்த காரணம். மேல்முறையீட்டு நீதிமன்றம் கால நீட்டிப்பை மறுத்தது. 1964-இல் பிரிவி கவுன்சிலும் அம்மறுப்பை உறுதி செய்தது. விதிகள் பின்பற்றப்படவேண்டியவை, அவற்றிலிருந்து விலக்கு வேண்டுவோர், நீதிமன்றம் தன் விருப்புரிமையைச் செலுத்துவதற்கான ஆதாரம் எதையேனும் முன்வைக்கவேண்டும், அவ்வாறன்றிக் கேட்ட எவருக்கும் நீட்டிப்பு உண்டு என்றால் கால அட்டவணைக்கே பொருளில்லாமல் போய்விடும் என்பது மன்றத்தின் கருத்து. இரு தமிழ்ப் பெயர்களைத் தாங்கிய இத்தீர்ப்பு இங்கிலாந்து உள்ளிட்ட பொதுநலவாய நாடுகளின் நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகள் எடுத்துக்காட்டப்பட்டது.

இதே நான்கு நாள் தாமதம் 1987-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அனந்தநாக் நில எடுப்பு ஆட்சியர் எதிர் காட்டிஜி என்ற அவ்வழக்கில், இழப்பீட்டை உயர்த்திய ஆணைக்கு எதிரான அரசின் மேல்முறையீடு நான்கு நாள் பிந்தியமையால் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்தருளியது. தாமதமாக வருவதால் வழக்காடுபவருக்கு இலாபம் ஏதுமில்லை. தொழில்நுட்பக் காரணமும் உண்மை நீதியும் எதிரெதிரே நிற்கும்போது பின்னதற்கே முதன்மை என்று அது கூறியது.

இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கடுமை, கருணை என்று மட்டும் பிரித்துவிடுவது பொருந்தாது. இரத்தினம் வழக்கில் காரணமாகக் காட்டப்பட்டது பிழையன்று, ஓர் எதிர்பார்ப்பு. சமரசத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் காலக்கெடுவை அறியாமல் காத்திருக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் காட்டி எதிர் ஷூஸ்மித் வழக்கில், வழக்கறிஞர் ஒரு விதியைத் தவறாகப் படித்ததால் நேர்ந்த சில நாள் தாமதத்தை ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்னித்திருக்கிறது. ஆக, கடுமையான மரபிலும் உண்மையான பிழைக்கு இடம் இருந்தது; விளக்கமில்லாத தாமதத்துக்கே இடமில்லை.

காட்டிஜி வழக்கில் பொறுத்தருளப்பட்டது அரசின் தாமதம் என்பதையும் மறத்தலாகாது. இப்பரிவை அரசு அலுவலகங்கள் உரிமையாகவே கருதத் தொடங்கியபோது இந்திய உச்ச நீதிமன்றம் பின்வாங்கியது. 2012-இல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை அது ஏற்க மறுத்தது. அதற்கு மாறாக, 1981ஆம் ஆண்டின் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வழக்கறிஞரை நம்பி ஊரில் இருந்துவிட்ட எளிய கட்சிக்காரர், வழக்கறிஞர் வராத குற்றத்துக்குத் தண்டனை பெறலாகாது என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. பரிவு யாருக்குத் தேவை என்பதை இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

வடிவப் பிழையும் கட்டாய விதியும்

காலத் தவறைப் போன்றதே வடிவப் பிழை. 1880-களிலேயே ஆங்கில நீதிபதிகள், நீதிமன்றம் இருப்பது தரப்பினரின் உரிமைகளைத் தீர்மானிக்கவேயன்றி வழக்கு நடத்துவதில் அவர்கள் செய்யும் பிழைகளுக்குத் தண்டிக்கவன்று என்று கூறினர். எதிர்த்தரப்புக்கு நேர்ந்த இழப்பைச் செலவுத்தொகையால் ஈடுசெய்ய முடியுமானால் பிழையைத் திருத்த அனுமதிக்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். 1983-இல் யமஹா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றமும் வழக்குரைத் திருத்தத்துக்கு இதையொத்த அணுகுமுறையையே மேற்கொண்டது.

ஆயினும் சில பிழைகள் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவையாகக் கருதப்பட்டன. 1963ஆம் ஆண்டின் பிரிட்சர்ட் வழக்கில், கணவரின் சொத்திலிருந்து பராமரிப்புக் கோரிய கைம்பெண்ணின் மனு இலண்டன் தலைமை அலுவலகத்துக்குப் பதிலாக ஒரு மாவட்டப் பதிவகத்தில் பெறப்பட்டுவிட்டது. அதனால் முழு நடவடிக்கையும் செல்லாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். டென்னிங் பிரபு மாறுபட்டார். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தில் விதி மாற்றப்பட்டது: விதிமீறல் எதுவும் நடவடிக்கையைத் தானாகவே செல்லாததாக்காது என்ற விதி பிறந்தது. அவ்விதி 1980ஆம் ஆண்டு மலேசிய உயர் நீதிமன்ற விதிகளின் 2ஆம் கட்டளையாக இங்கு வந்தது. பின்னர், விதியை மீறினாரா என்று மட்டும் பாராமல் நீதியையும் கருதவேண்டும் என்று கூறும் 1ஏ கட்டளையும் சேர்க்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளும் இவற்றைத் தொடர்கின்றன. எனினும் கட்டாயமான விதிகளை ஒதுக்கித்தள்ள 1ஏ கட்டளை கருவியாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2002-இல் மெகாட் நஜ்முடின் வழக்கில் தெளிவுபடுத்தியது.

கட்டாய விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு தேர்தல் வழக்குகள். 1964ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பங்சார் தொகுதியில் வென்ற தேவன் நாயருக்கு எதிராக யோங் குவான் தேக் என்பவர் தேர்தல் மனு தொடுத்தார். மனு பற்றிய அறிவிப்பு விதித்த காலத்துக்குள் சேர்ப்பிக்கப்படவில்லை. தேர்தல் முடிவு ஐயத்தில் தொங்கிக்கொண்டிருப்பது பொதுநலனுக்கு ஏற்றதன்று. எனவே அக்கால விதி கட்டாயமானது என்று பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. மனு வீழ்ந்தது, தேவன் நாயரின் இடம் நிலைத்தது. இங்கே பிழையால் பாதிக்கப்படுவோர் இரு தரப்பினர் மட்டுமல்லர், தொகுதி மக்கள் அனைவரும் ஆவர் என்ற எண்ணமே கடுமைக்கு அடிப்படை.

தொழிலாளிக்கு விதித்த கெடு

இதே கட்டாயத் தன்மை தொழிலாளர் வழக்குகளிலும் நுழைந்தது. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி குறிப்பிட்ட காலத்துக்குள் முறையிடவேண்டும். முதலில் அது ஒரு மாதமாக இருந்தது. பின்னர் 60 நாட்களாயிற்று. ஃபுங் கியோங் ரப்பர் நிறுவனம் எதிர் லீ எங் கியாட் என்ற 1981ஆம் ஆண்டு வழக்கில், இக்கால வரம்பு கட்டாயமானது, அது கடந்தபின் அமைச்சருக்கும் அதிகாரமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தின் 30ஆம் பிரிவோ, தொழிலியல் நீதிமன்றம் நடுநிலையையும் நல்ல மனச்சான்றையும் வழக்கின் உண்மைத் தகுதியையும் நோக்கவேண்டும். தொழில்நுட்பங்களையும் சட்ட வடிவங்களையும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்கிறது. உள்ளே நுழைந்தவருக்கு வடிவப் பிழை தடையில்லை. ஆனால் வாசலில் நாளெண்ணித் தவறியவர் உள்ளே நுழையவே முடியாது. தோட்டத் தொழிலாளி நாளைத் தவறவிடுவது பெரும்பாலும் வாசலில்தான். தண்டலிடம் பேசி, துரையிடம் முறையிட்டு, தொழிற்சங்கக் கிளைத் தலைவரைத் தேடி, திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று காத்திருந்து காலம் போகிறது. இரத்தினம் வழக்கில் போலவே இங்கும் சமரச எதிர்பார்ப்புதான் கெடுவை விழுங்குகிறது. ஆனால் அவ்வழக்கில் நீதிமன்றத்துக்கு விருப்புரிமையேனும் இருந்தது. இங்கு அதுவும் இல்லை.

உரிமையியல் வழக்குகளுக்கான 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டமும் இந்தியச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் போன்ற பொது விலக்கைக் கொண்டிருக்கவில்லை. ஆனால் பிழையின் விளைவிலிருந்து விடுதலை கோரும் வழக்கில், பிழையைக் கண்டறிந்த நாளிலிருந்து, அல்லது உரிய முயற்சியோடு கண்டறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து காலம் தொடங்கும் என்று அதன் 29ஆம் பிரிவு கூறுகிறது. அறியாதவன்மேல் காலம் ஓடலாகாது என்ற நீதிக்கு இது ஓர் இடம்.

நீதிமன்றத்தின் சொந்தப் பிழை

பிறர் பிழையை அளக்கும் நீதிமன்றம் தன் பிழையை எவ்வாறு அளக்கிறது? எழுத்துப் பிழை, கூட்டல் பிழை, கைதவறுதலால் நேர்ந்த விடுபாடு ஆகியவற்றை எந்நேரத்திலும் திருத்திக்கொள்ள நீதிமன்ற விதிகள் இடமளிக்கின்றன. ஆயினும் ஓர் உயர் நீதிமன்றத்தில் முறையாகப் பெற்று நிறைவுற்ற தீர்ப்பை மற்றோர் உயர் நீதிமன்றம் கலைத்துவிட முடியாது என்று 1981-இல் ஹோக் ஹுவா வங்கி வழக்கு எல்லை வகுத்தது. பேனாவின் பிழை திருத்தப்படும்; சிந்தனையின் பிழைக்கு மேல்முறையீடே வழி.

மேல்முறையீட்டுக்கு இடமில்லாத உச்ச மன்றமே தவறினால்? தாய்லாந்தைச் சேர்ந்த பூன்சோம் பூன்யானிட் என்ற அம்மையாருக்குப் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் இருந்த நிலத்தை, அவர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்த ஒருவர் 1989-இல் அடோர்னா நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 340ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் உள்ள விலக்கை முதல் வாங்குநருக்கும் பொருத்தி, நிலம் நிறுவனத்துக்கே என்று தீர்ப்பளித்தது. அவ்விலக்கு அடுத்தடுத்து வாங்குபவரைக் காப்பதற்கே உரியது. மறுஆய்வு விண்ணப்பமும் தள்ளுபடியாயிற்று. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், போலிப் பத்திரத்தால் நிலம் இழந்தவர்களுக்கு எதிராக அத்தீர்ப்பு நின்றது.

2010ஆம் ஆண்டு ஜனவரியில் தான் யிங் ஹோங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்றம் அவ்விளக்கம் தவறானது என்று அறிவித்தது. அப்போதைய தலைமை நீதிபதி ஸாக்கி அஸ்மி, பிழை வெளிப்படையானது என்றும், நேர்மையற்ற சிலர் அதைப் பயன்படுத்தி நிலப்பட்டாக்களை மாற்றிவந்தனர் என்றும் குறிப்பிட்டார். சட்டம் திருந்தியது. ஆனால் பூன்சோமுக்கு நிலம் திரும்பவில்லை. முடிவுற்ற வழக்கு முடிவுற்றதே என்ற கோட்பாடு, நீதிமன்றப் பிழையின் சுமையைப் பிழையில் எந்தப் பங்குமில்லாத ஒருவர்மேல் நிரந்தரமாக இறக்கிவைத்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, அறியாமல் நேர்ந்தது என்பது மட்டுமே எந்த மரபிலும் மன்னிப்புக்குப் போதுமானதாக இருந்ததில்லை. அப்பிழையை நம்பி மூன்றாமவர் யாரேனும் நடந்துகொண்டாரா, இழப்பைச் செலவுத்தொகையால் ஈடுசெய்ய முடியுமா, விதி கட்டாயமானதா என்ற மூன்று கேள்விகளே முடிவைத் தீர்மானித்தன. இரண்டாவதாக, இந்தியாவிலிருந்து வந்த சட்டக்கூறுகள் தவறுதலாகக் கொடுத்த பணத்தைப் பொறுத்தவரை ஆங்கிலச் சட்டத்தைவிட விரிந்த பார்வையைக் கெடாவுக்குக் கொண்டுவந்தன. காலத் தவறைப் பொறுத்தவரை சென்னையின் விரிந்த பார்வை இங்கே வந்து சேரவில்லை.

மூன்றாவதாக, பிழைக்கான பரிவு சமமாகப் பங்கிடப்படவில்லை. வழக்கறிஞர் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் இருப்பவரின் பிழைகளுக்குத் திருத்தம், நீட்டிப்பு, செலவுத்தொகை என வழிகள் பல உண்டு. வாசலுக்கு வெளியே நிற்கும் தொழிலாளியின் பிழைக்கு வழி குறைவு. முதலாளியின் கணக்குப் பிழைக்கு மூன்று மாத வரம்பு விதித்த வேலைச் சட்டம், பிழையைக் கண்டறியும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவரே அதன் சுமையைப் பெரிதும் ஏற்கவேண்டும் என்ற நெறியைக் காட்டியிருக்கிறது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளியின் 60 நாள் கெடுவுக்கும் அந்நெறி பொருந்தும். வேலைநீக்கக் கடிதத்திலேயே முறையீட்டுக் கெடுவைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் குறிப்பிடவேண்டும். குறிப்பிடாவிட்டால் கெடு ஓடத் தொடங்காது என்று ஒரு விதி அமையுமானால், விதியின் உறுதியும் குலையாது, அறியாதவனின் உரிமையும் அழியாது. அதுவரை, நாளை எண்ணிச் சொல்லும் கடமை தொழிற்சங்கத்துக்கும் தோட்டத்திலும் பட்டணத்திலும் படித்து வந்த இளையோருக்கும் உரியதாகவே இருக்கும்.